ஃபெட் முயல்களும் அனோல் பல்லிகளும்: இரண்டு இலவசப் பரிணாம ஆய்வகங்கள், எது எதற்கு உதவும்?

பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் பரிணாமம் நடத்துபவர்கள் கையில் இன்று இரண்டு இலவசக் கணினி ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஃபெட் குழுவின் 'நேச்சுரல் செலக்‌ஷன்'. முயலும் ஓநாயும் வரும் சிமுலேஷன் அது. இன்னொன்று, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் பயோஇன்டராக்டிவ் தளத்தில் உள்ள 'லிசர்ட் எவல்யூஷன் வர்ச்சுவல் லேப்'. கரீபியன் தீவுகளின் அனோல் பல்லிகளை வைத்துச் செய்தது.

இரண்டும் தரமானவை. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்க முடியாது. முயல் சிமுலேஷன் இயற்கைத் தேர்வைக் கண்ணெதிரே காட்டுகிறது. ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. முயல்களின் நிறம் மாறியதைப் பார்த்த மாணவர் "புதிய சிற்றினம் வந்துவிட்டது" என்று எழுதினால், கருவி எதற்கானது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று பொருள்.

முதலில் முயல்கள். ஃபெட் திட்டத்தை 2002இல் தொடங்கியவர் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். உயிரியல் சிமுலேஷன்கள் அங்கே குறைவு. இருப்பவற்றில் இதுதான் சிறந்தது. பிரவுசரிலேயே ஓடும், கணக்குத் தொடங்க வேண்டாம். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும். ஹைடெக் லேபில் முப்பது கணினிகள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி. முந்தின நாளே எல்லாக் கணினிகளிலும் பென் டிரைவ் மூலம் போட்டுவிடலாம்.

இரண்டு திரைகள் உண்டு: ஓர் அறிமுகத் திரை, ஓர் ஆய்வகத் திரை. அறிமுகத் திரை முதல் பத்து நிமிடங்களுக்குப் போதும். உண்மையான வேலை ஆய்வகத் திரையில்தான். அங்கே ரோமம் வெள்ளையா பழுப்பா, காது நிமிர்ந்ததா தொங்குவதா, பல் குட்டையா நீளமா என்று மூன்று பண்புகள். ஒவ்வொன்றின் திடீர்மாற்றத்தையும் ஓங்கு பண்பாகவோ (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும்) ஒடுங்கு பண்பாகவோ (இரண்டு பிரதிகளும் வேண்டும்) நாமே சேர்க்கலாம். ஓநாய், கடினமான உணவு, குறைவான உணவு ஆகிய மூன்று சூழல் காரணிகளைத் தனித்தனியாக இயக்கலாம். பின்னணியைப் பனிப்பிரதேசமாகவோ வெப்பப் பகுதியாகவோ மாற்றலாம். ஒரு கடிகாரம் சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்று ஒரு தலைமுறை.

தொடக்கத்தில் ஒரே ஒரு முயல்தான் நிற்கும். துணையைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால்தான் இனப்பெருக்கம் தொடங்கும். ஒவ்வொரு இணையும் தலைமுறைக்கு நான்கு குட்டிகள் போடும். பெற்றோரும் உயிரோடு இருப்பதால் எண்ணிக்கை 2, 6, 18, 54, 162 என்று மும்மடங்காகப் பெருகும். எந்தக் கட்டுப்பாடும் வைக்காமல் விட்டால் சில தலைமுறைகளிலேயே முயல்கள் உலகத்தைப் பிடித்துவிட்டதாகச் சொல்லி சிமுலேஷன் நின்றுவிடும். இதை ஒருமுறை வேண்டுமென்றே நடக்கவிடுவது நல்லது. பிறப்பவை எல்லாம் பிழைக்க இடமில்லை என்ற, இயற்கைத் தேர்வின் முதல் நிபந்தனை பாடம் நடத்தாமலே புரியும்.

இனி, எங்கே தவறு நடக்கிறது என்பது. மிகப் பெரிய தவறு பொத்தான்களை அழுத்தும் வரிசையில்தான். பெரும்பாலானோர் முதலில் ஓநாயை விடுவார்கள். முயல்கள் சாவதைப் பார்த்ததும் பழுப்பு ரோமத்தைச் சேர்ப்பார்கள். அப்போது திரையில் தெரிவது என்ன? ஆபத்து வந்தது, அதற்கேற்ற மாற்றமும் வந்தது. தேவைக்காகத் திடீர்மாற்றம் பிறக்கிறது என்ற, பரிணாமத்தில் எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணத்தையே அது உறுதிப்படுத்திவிடும். நிஜத்தில் திடீர்மாற்றம் தேவையைப் பார்த்து வருவதில்லை. 1943இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாக்களில் இதைக் காட்டினார்கள்: வைரஸை எதிர்க்கும் பாக்டீரியாக்கள், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. ஆகவே வரிசையை மாற்றுங்கள். வெப்பப் பகுதிப் பின்னணியில் துணையைச் சேர்த்து, உடனே பழுப்பு ரோமத்தைச் சேர்த்து, ஓநாய் இல்லாமல் மூன்று தலைமுறை ஓடவிடுங்கள். வெள்ளையும் பழுப்பும் கலந்த கூட்டம் உருவானபின் ஓநாயை விடுங்கள். பழுப்பு ஏற்கெனவே இருந்தது, ஓநாய் வந்தபின் அதன் பங்கு கூடியது என்பதை வரைபடமே சொல்லும்.

எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும் வரை எந்தக் காரணியையும் இயக்க வேண்டாம். ஆறு முயல்கள் இருக்கும்போது இரண்டு செத்தால் அது தேர்வா தற்செயலா என்று பிரித்தறிய வழியே இல்லை. மரபியல் நகர்வைப் (தற்செயலாகவே பண்புகளின் பங்கு மாறுவது) பற்றிப் பேச வேண்டுமானால் மட்டும், வேண்டுமென்றே சிறிய கூட்டத்தில் தொடங்கலாம்.

வரைபடங்களில் எண்ணிக்கை வரைபடத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விகித வரைபடம். பரிணாமம் என்பது ஒரு கூட்டத்தில் அல்லீல்களின் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) பங்கு தலைமுறை தாண்டி மாறுவது. குறைவான உணவை மட்டும் இயக்கிப் பாருங்கள்: எண்ணிக்கைக் கோடு சடாரென்று விழும், ஆனால் வெள்ளைக்கும் பழுப்புக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நிறையச் சாவு, தேர்வு இல்லை. பிறகு அதை நிறுத்திவிட்டு ஓநாயை மட்டும் விடுங்கள்: விகிதம் சாயும். இந்த இரண்டு ஓட்டங்களையும் அடுத்தடுத்துக் காட்டினால், சாவும் தேர்வும் ஒன்றல்ல என்பது பதிந்துவிடும். மூன்று காரணிகளையும் ஒன்றாக இயக்கினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தொங்கும் காதுதான் இந்தச் சிமுலேஷனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலரும் அதைத் தொடுவதே இல்லை. ரோமத்தை ஓநாய் சோதிக்கிறது, பல்லைக் கடின உணவு சோதிக்கிறது, காதை எதுவும் சோதிப்பதில்லை. அதாவது அது நடுநிலைப் பண்பு. ரோமத்தோடு காதையும் சேர்த்து ஓடவிட்டால் காதின் விகிதமும் சற்று ஏறி இறங்கும். ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதே அமைப்பை ஐந்து குழுக்களுக்குக் கொடுத்தால், ரோமம் ஐந்திலும் ஒரே பக்கம் போகும். காது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் போகும். தேர்வுக்கும் மரபியல் நகர்வுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து இலவசமாக வேறில்லை.

ஓங்கு, ஒடுங்கு தேர்வையும் வீணாக்க வேண்டாம். பனிப்பிரதேசத்தில் பழுப்பை ஓங்கு பண்பாக வைத்து ஓநாயை விட்டால் பழுப்பு வேகமாகத் துடைக்கப்படும், ஏனென்றால் அந்த அல்லீலைச் சுமக்கும் ஒவ்வொரு முயலும் பழுப்பாகத்தான் இருக்கும். ஒடுங்கு பண்பாக வைத்தால் அது வெள்ளை முயல்களுக்குள் ஒளிந்துகொள்ளும். கணக்குப் போட்டுக் காட்டலாம்: நூற்றுக்கு ஒரு முயல் பழுப்பு என்றால் அந்த அல்லீலின் பங்கு 0.1, ஹார்டி-வெய்ன்பெர்க் சூத்திரப்படி நூற்றுக்குப் பதினெட்டு வெள்ளை முயல்கள் அதைச் சுமக்கின்றன. ஓநாய்க்கு அந்தப் பதினெட்டும் தெரியாது. வம்சாவளி வரைபடத்தைத் திறந்து ஒரு முயலைத் தேர்ந்தெடுத்தால் அதன் முன்னோர்களின் அல்லீல்கள் தெரியும். ஒளிந்திருக்கும் அல்லீலைத் தேடிப் பிடிக்க அதுவே இடம்.

பயிற்சித்தாள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பலவும் பழைய ஃப்ளாஷ் பதிப்புக்கு எழுதியவை. அந்தப் பதிப்பில் காதுக்குப் பதில் வால் இருந்தது. பயிற்சித்தாளில் வால் என்று வந்தால் அது பழையது. இப்போதைய திரையோடு படிகள் பொருந்தாது. இரண்டு பக்கத்தில் நாமே தமிழில் எழுதிக்கொள்வது நல்லது.

இப்போது குறைகள். திடீர்மாற்றத்தை ஆர்டர் கொடுத்து வரவழைப்பது முதல் குறை. ஒரே தலைமுறையில் பல குட்டிகளில் ஒரே மாற்றம் தோன்றுகிறது. மனிதரில் ஒரு தலைமுறைக்கு, ஒரு டிஎன்ஏ எழுத்து மாறும் வாய்ப்பு சுமார் பத்து கோடியில் ஒன்று. வகுப்பு நேரத்துக்குள் முடிக்க இந்தச் சுருக்கம் தேவைதான், ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெரிய குறை, கூட்டம் எப்போதும் ஒன்றே ஒன்றுதான். நடுவில் மலை வராது, ஆறு வராது, கூட்டம் இரண்டாகாது. யார் யாரோடு இணையும் என்பதில் நிறத்துக்குப் பங்கே இல்லை. சிற்றினம் பிரிவதற்கு வேண்டிய அடிப்படையே இல்லை. இதற்கு ஒரு பாதித் தீர்வு உண்டு. ஒரே கணினியில் இரண்டு ஜன்னல்கள் திறந்து, ஒன்றில் பனி, மற்றொன்றில் வெப்பப் பகுதி வையுங்கள். இரண்டிலும் ஒரே ஜோடி, ஒரே திடீர்மாற்றம், ஒரே ஓநாய். பத்துத் தலைமுறையில் இடது ஜன்னலில் ஏறக்குறைய வெள்ளை மட்டும், வலதில் ஏறக்குறைய பழுப்பு மட்டும் மிஞ்சும். புவியியல் பிரிவு அதுவே. இப்போது கேளுங்கள்: இவை இரண்டு சிற்றினங்களா?

இல்லை. பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் தந்த வரையறைப்படி, தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்ற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் பிரிந்து நிற்கும் கூட்டமே சிற்றினம். இந்த முயல்களை மீண்டும் ஒன்றாக விட்டால் தயங்காமல் இணையும். நிறம் மட்டும் மாறினால் போதாது என்பதற்கு நிஜமான முயலே சாட்சி: வட அமெரிக்காவின் ஸ்னோஷூ முயலில், பனி நிறைந்த இடங்களில் குளிர்காலத்தில் வெள்ளையாகும் கூட்டங்களும், பசிபிக் கரையை ஒட்டிய பனி குறைந்த இடங்களில் பழுப்பாகவே இருப்பவையும் உண்டு. சிற்றினம் ஒன்றுதான். குளிர்காலத்திலும் பழுப்பாக வைக்கும் அந்த அல்லீல் கருவால் ஜாக்ராபிட் என்ற வேறொரு சிற்றினத்திலிருந்து கலப்பு வழியே வந்தது என்று 2018இல் கண்டறிந்தார்கள். சிற்றின எல்லை நாம் நினைப்பதுபோல் மூடிய கதவு அல்ல என்பதையும் அந்த முயலே சொல்லிவிடுகிறது.

பிரிந்த கூட்டங்களுக்கிடையே தடை எப்படி முளைக்கிறது? இதற்கு ஃபெட் பதில் சொல்லாது. டயேன் டாட் 1989இல் வெளியிட்ட பழ ஈச் சோதனை சொல்லும். ஒரே இனக்கூட்டத்தில் வந்த ஈக்களை எட்டுக் கூட்டங்களாக்கி, நான்கை ஸ்டார்ச் உணவிலும் நான்கை மால்ட்டோஸ் உணவிலும் பல தலைமுறை வளர்த்தார்கள். பிறகு கலந்து விட்டபோது, ஸ்டார்ச் ஈக்கள் ஸ்டார்ச் ஈக்களையும், மால்ட்டோஸ் ஈக்கள் மால்ட்டோஸ் ஈக்களையும் அதிகம் தேர்ந்தெடுத்தன. இணை தேர்வுக்காக யாரும் அவற்றைப் பழக்கவில்லை. வேறு உணவுக்குப் பழகியதன் பக்கவிளைவாகத் தடை வந்தது. இரண்டு ஜன்னல் பயிற்சி முடிந்தவுடன் இதைக் கரும்பலகையில் வரைந்தால், முயல் விட்ட இடைவெளி நிரம்பும்.

அடுத்தது பல்லிகள். இங்கே கற்பனை விலங்கு இல்லை, நிஜத் தரவு. அனோல்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜொனாதன் லோசோஸின் ஆய்வுகளை வைத்து நான்கு பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள்: உருவ வகைகள், பரிணாம மரம், சோதனைத் தரவு, தொண்டைச் சவ்வின் நிறம். அனோல்களில் சுமார் 400 சிற்றினங்கள் உண்டு. கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கு பெரிய தீவுகளில் அவை வாழும் இடத்துக்கேற்ப ஒரே மாதிரியான உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அடிமரத்தில் ஓடுபவைக்கு நீண்ட கால். மெல்லிய குச்சியில் ஊர்பவைக்குக் குட்டைக் கால். உச்சிக் கிளையில் வாழ்பவைக்கு விரலடியில் ஒட்டும் தகடுகள் அதிகம்.

முதல் பகுதியில் எக்ஸ்-ரே படங்களில் உடல் நீளத்தையும் பின்னங்கால் நீளத்தையும் திரையிலுள்ள அளவுகோலால் அளக்க வேண்டும். தவறு நடப்பது இரண்டு இடங்களில். காலின் நீளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது ஒன்று: பெரிய பல்லிக்குக் கால் நீளமாகத்தான் இருக்கும், அதனால் உடல் நீளத்தால் வகுத்த விகிதம்தான் வேண்டும். எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிப்பது என்பதை வகுப்பே சேர்ந்து தீர்மானிக்காதது இன்னொன்று. ஒரே படத்தை இருவர் அளந்து இரண்டு எண்களையும் எழுதச் சொன்னால், அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பதும் தனிப் பாடம் நடத்தாமலே வந்துவிடும்.

இரண்டாவது பகுதிதான் இந்த ஆய்வகத்தின் உயிர். டிஎன்ஏ வரிசையிலிருந்து பரிணாம மரம் கட்டுவதற்கு முன், மாணவர்களிடம் ஒரு கணிப்பை எழுதி வாங்குங்கள்: போர்ட்டோ ரிக்கோவின் அடிமரப் பல்லிக்கு நெருங்கிய உறவு யார், ஹிஸ்பானியோலாவின் அடிமரப் பல்லியா, போர்ட்டோ ரிக்கோவின் உச்சிக் கிளைப் பல்லியா? பார்வைக்கு முதலாவதுதான். மரம் காட்டுவது இரண்டாவதை. பல்லிகள் பெரும்பாலும் தீவு வாரியாகத்தான் சேர்கின்றன, உருவ வாரியாக அல்ல. தீவுக்குத் தீவு தனித்தனியாக அதே உருவங்கள் உருவாகியிருக்கின்றன; ஒரே மாதிரித் தேவைக்கு ஒரே மாதிரி உடல். கணிப்பு எழுதாமல் நேரே மரத்துக்குப் போனால் இந்த அதிர்ச்சி கிடைக்காது, பகுதியின் பாதிப் பயன் போய்விடும். மரத்தைப் படிக்கும்போது கிளை நுனிகளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையே உறவு என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. நுனியிலிருந்து பின்னோக்கி வந்து, இரண்டும் எந்த முடிச்சில் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது பகுதி பஹாமாஸ் சிறு தீவுகளின் சோதனைத் தரவுக்கு வருகிறது. அந்தத் தீவுகளில் நடந்த ஆய்வுகளில் ஒன்றை இங்கே சேர்த்துச் சொன்னால் முயல் சிமுலேஷனோடு நேராக இணைக்கலாம். 2004இல் ஃபிரான்சஸ் புயல் சில குட்டித் தீவுகளில் பல்லிகளைத் துடைத்தெறிந்தது. 2005இல் காடுள்ள தீவிலிருந்து பழுப்பு அனோல்களைப் பிடித்து, ஏழு சிறு தீவுகளில் தீவுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று விட்டார்கள். அங்கே மெல்லிய குச்சிப் புதர்கள்தான். சில ஆண்டுகளில் ஏழு தீவுகளிலும் கால்கள் குட்டையாயின. ஆனால் எந்தத் தீவின் முதல் ஜோடிக்கு நீண்ட கால் இருந்ததோ, அந்தத் தீவின் சந்ததி மற்றவற்றைவிட நீண்ட காலோடே இருந்தது. திசையைத் தேர்வு முடிவு செய்தது; தொடக்கப் புள்ளியைத் தற்செயல் முடிவு செய்தது. நிறுவனர் விளைவு பற்றிய பாடப்புத்தக வரையறையை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த ஏழு தீவுகள் பெரிய உதவி.

நான்காவது பகுதி ஆண் அனோல்கள் விரித்துக் காட்டும் தொண்டைச் சவ்வைப் பற்றியது. நிழலான ஈரக் காட்டிலும் வெயிலடிக்கும் வறண்ட காட்டிலும் ஒரே நிறம் ஒரே அளவு கண்ணில் படாது. வாழிடத்தின் ஒளிக்கேற்ப அடையாளம் மாறினால், யார் நம்மவர் என்று இணை அறியும் குறியும் மாறுகிறது. கால் நீளம் மாறுவதிலிருந்து இனப்பெருக்கத் தடைக்குப் போகும் பாலம் இந்தப் பகுதியில்தான். கண்முன் ஒரு சிற்றினம் பிறப்பதை இந்த ஆய்வகமும் காட்டுவதில்லை. பிறந்ததற்கான தடயங்களையும், தடை எங்கிருந்து வரக்கூடும் என்பதையும் காட்டுகிறது. நேர்மையான எல்லை அது.

தமிழ் வழி மாணவர்களுக்குப் பல்லி ஆய்வகம் கடினம். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில், பேச்சும் உண்டு, வாசிக்க நிறைய. ஒரு பக்கச் சொற்பட்டியல் இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். நான்கு பகுதிகளையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டாவதிலேயே களைத்துவிடுவார்கள். ஒரு பாடவேளைக்கு ஒன்று போதும். நேரமே இல்லையென்றால் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் செய்யுங்கள்.

கரீபியன் தீவு தூரமாகத் தோன்றினால், பக்கத்திலேயே அதே கதை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவைகளுக்கு மலையுச்சிகளே தீவுகள், பாலக்காட்டுக் கணவாய் கடல். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஷோலிகோலா மேஜர். தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ். சோலைக்காட்டின் பெயரையே தாங்கும் அந்தப் பேரினப் பெயர் 2017இல்தான் வந்தது. பல்லி ஆய்வகத்தின் இரண்டாம் பகுதி முடிந்ததும் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு, எந்தப் பறவை எந்தப் பறவைக்கு உறவு, நடுவில் என்ன தடை என்று கேட்கலாம்.

ஆக, எதை வாங்குவது என்ற கேள்வியே இல்லை, இரண்டும் இலவசம். ஒரே ஒரு பாடவேளைதான் உண்டு என்றால் ஃபெட் போதும். ஆனால் தலைப்பில் "இயற்கைத் தேர்வு" என்று மட்டும் எழுதுங்கள். சிற்றினத் தோற்றமும் நடத்த வேண்டும் என்றால் முயலுக்கு ஒன்று, இரண்டு ஜன்னல் பயிற்சிக்கும் பழ ஈக்கும் ஒன்று, பல்லிக்குக் குறைந்தது இரண்டு என்று நான்கு பாடவேளை ஒதுக்குங்கள்.

இரண்டிலும் இல்லாத ஒன்று தாவரங்களின் பன்மடியம் (பாலிபிளாய்டி). குரோமோசோம் தொகுதி இரட்டிப்பானால், எந்த மலையும் ஆறும் இல்லாமலே ஒன்றிரண்டு தலைமுறையில் புதிய சிற்றினம் வந்துவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த டிராகோபோகன் செடிகள் கலந்து உருவான இரண்டு புதிய சிற்றினங்களை மரியன் ஒவ்ன்பி 1950இல் விவரித்தார். பெற்றோரில் குரோமோசோம் 12, புதியவற்றில் 24. பெற்றோரோடு மீண்டும் கலந்தால் 18 வரும். 6 குரோமோசோம்களுக்கு இணை கிடைக்காது, வளமான விதை அரிது. இதற்குக் கணினி வேண்டாம். இரண்டு நிறச் சாக்பீஸ் எடுத்து, கரும்பலகையில் குன்றல் பகுப்பை (பாலணுக்களை உருவாக்கும் செல் பிரிவு) வரைந்து, ஜோடி சேராமல் நிற்கும் ஆறை மாணவர்களே எண்ணும்படி விடுங்கள்.